வில், அம்பு, கொஞ்சம் நெகட்டிவ் மார்க்

நண்பர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அனிமே பற்றிய கட்டுரை. "சின்னப் பசங்க பாக்குற பொம்மைப் படம்தானே" என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம். குடித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் சேர்த்துக்கொள்வேன் :-)

போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு நடக்காத ஒரு மணி நேரத்தில் கடைசி பெஞ்சில் வழக்கமான சண்டை. எந்த ஸ்போர்ட்ஸ் அனிமே பெஸ்ட்? ஒருத்தன் ஹைக்யூ என்றான். இன்னொருத்தன் ஸ்லாம் டங்க்கை விட்டால் வேறு எதுவும் கிடையாது என்று மேஜையைத் தட்டினான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் "ட்சுருனே" என்றேன்.

"அதுல என்னடா நடக்கும்?"

"வில்லை எடுப்பாங்க. இழுப்பாங்க. அம்பை விடுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்ச நேரம் அப்படியே நிப்பாங்க."

சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார். அங்கே என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி யோசித்துக்கொண்டே வந்த பதில் இது. (உட்கார இடம் கிடைத்திருந்தால் தூங்கியிருப்பேன். கட்டுரையும் வந்திருக்காது.)

முதலில் கதை. ட்சுருனே என்றால் நாண் ஒலி. அம்பு கிளம்பும் நொடியில் வில்லின் நாண் எழுப்பும் சத்தம். கொட்டோகோ அயானோ எழுதிய நாவல் 2016-ல் வெளிவந்தது. அதைப் பதிப்பித்த கியோட்டோ அனிமேஷனே தொடராகவும் எடுத்தது. முதல் பருவம் 2018 அக்டோபரில் தொடங்கி 2019 ஜனவரியில் முடிந்தது. 2022-ல் ஒரு திரைப்படம், 2023-ல் இரண்டாம் பருவம். இயக்கியவர் தகுயா யமாமுரா.

மினாடோ என்று ஒரு பையன். சின்ன வயதில் அம்மாவோடு போன இடத்தில் அந்த நாண் ஒலியைக் கேட்டு மயங்கி வில் பழகுகிறான். பிறகு ஒரு விபத்தில் அம்மா இறந்துவிடுகிறார். நடுநிலைப் பள்ளியின் கடைசிப் போட்டியில் அவனுக்கு ஒன்று நடக்கிறது. அதற்குப் பிறகு வில்லையே தொடுவதில்லை என்று முடிவெடுக்கிறான். உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் பழைய நண்பர்கள் சேயாவும் ரியோஹெய்யும் அவனை வில் சங்கத்துக்கு இழுக்கிறார்கள். இவன் ஓடுகிறான். ஓடிய இடத்தில், ராத்திரி காட்டுக்குள், தனியாக ஒருவர் அம்பு விட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் மசாகி. கூட ஒரு ஆந்தை. அவ்வளவுதான் ஆரம்பம். முடிவைச் சொல்ல மாட்டேன்.

இவர்கள் பழகுவது ஒலிம்பிக்கில் பார்க்கிற வில்வித்தை இல்லை. கியூடோ. வில் 2 மீட்டருக்கு மேல் உயரம், பிடிப்பவனை விடவே உயரமானது. பிடிக்கிற இடம் நடுவில் இருக்காது, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். இலக்கு 28 மீட்டர் தூரத்தில், 36 சென்டிமீட்டர் வட்டம். போட்டியில் நடுவில் பட்டாலும் ஓரத்தில் பட்டாலும் ஒன்றுதான். பட்டதா, படவில்லையா, அதுதான் கணக்கு.

ஓர் அம்பை விடுவதற்கு எட்டு நிலைகள் வைத்திருக்கிறார்கள். காலை ஊன்றுவதில் ஆரம்பம். ஆறாவது நிலைக்குப் பெயர் 'கை'. நம்ம கை இல்லை, ஜப்பானிய மொழியில் 'சந்திப்பு' என்று பொருள். வில்லை முழுசாக இழுத்தாகிவிட்டது, இன்னும் விடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத சில விநாடிகள். ஏழாவது நிலையில் அம்பு போகிறது. எட்டாவது, அம்பு போன பிறகும் அப்படியே நிற்பது. அதற்கு 'ஸான்ஷின்' என்று பெயர். கடைசி பெஞ்சு சிரித்தது இந்த எட்டாவதுக்குத்தான்.

மினாடோவுக்கு வந்த கோளாறு ஆறாவதில். முழுசாக இழுத்த பிறகு நிறுத்திப் பிடிக்க முடியவில்லை. அவன் விட நினைப்பதற்கு முன்பே விரல் விட்டுவிடுகிறது. ஹயாகே என்கிறார்கள். இது கதைக்காகக் கண்டுபிடித்த வியாதி இல்லை. மற்ற நாட்டு வில் வீரர்களிடமும் இருக்கிறது, அங்கே டார்கெட் பேனிக் என்பார்கள். நன்றாகப் பழகியவர்களுக்கும் வருவதுதான் கொடுமை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் நடுவில் விலகியதும் இதற்குப் பக்கத்து வீட்டுச் சமாசாரம்தான். ஆயிரம் தடவை செய்த ஒன்றை உடம்பு திடீரென்று மறந்துவிடுகிறது.

முதல் எபிசோடில் எல்லார் முன்னாலும் மினாடோவின் விரல் நழுவுகிற இடத்தைப் பஸ்ஸில்தான் பார்த்தேன். குருபரப்பள்ளி தாண்டியிருக்கும். போனை அணைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். மறுபடி போட்டு அதே இடத்தைப் பார்த்தேன்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் பி.காம் மூன்றாம் ஆண்டு. கூடவே சி.ஏ. ஃபவுண்டேஷன். இரண்டு தடவை எழுதிவிட்டேன், இரண்டு தடவையும் போயிற்று. தெரியாதவர்களுக்கு: நாலு தாள், ஒவ்வொன்றும் 100 மார்க். ஒவ்வொன்றிலும் 40 வாங்க வேண்டும், மொத்தத்தில் பாதி வர வேண்டும். முதல் இரண்டு தாள் விரிவாக எழுதுவது. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. மூணாவதும் நாலாவதும் கொள்குறி வகை, இரண்டு மணி நேரம், ஒரு தப்புக்குக் கால் மார்க் போகும். மூணாவது தாள் கணக்கு. முதல் தடவை 33. இரண்டாம் தடவை 36.

கணக்கு எனக்கு வராது என்றால் வருத்தம் இல்லை. வரும். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் என்னிடம் கேட்டுப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்வறையில் உட்கார்ந்தால் ஏதோ ஆகிவிடும். கேள்வியின் முதல் வரியைப் படிக்கும்போதே கை விடைத்தாளுக்குப் போய்விடும். "பின்வருவனவற்றுள் எது தவறு" என்று முடிகிற கேள்விக்குச் சரியானதைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததுக்கு ஓடியிருப்பேன். கூட்டு வட்டியா தனி வட்டியா என்று பார்ப்பதற்குள் விடை போட்டாயிற்று. ஒருமுறை மாதிரித் தேர்வில் 100 கேள்வியும் போட்டேன். 46 சரி, 54 தப்பு. 54-ஐ நாலால் வகுத்தால் 13.5. கையில் நின்றது 32.5. நாற்பது நிமிடம் மிச்சம் வைத்து எழுந்து வந்திருந்தேன். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, நான்தான் முதலில் முடித்தேன் என்று பெருமையாக வேறு நின்றேன்.

வீட்டில் சொன்னது வேறு. "பேப்பர் ரொம்ப டஃப்புப்பா" என்றேன், இரண்டு தடவையும். அந்த வருஷத்து மாங்காய் குத்தகைப் பணம் முழுக்க கோச்சிங் ஃபீஸாகப் போயிருந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. "சரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நிற்க.

இப்போது ஏன் ட்சுருனே என்ற கேள்விக்கு வருகிறேன். நம் படங்களில் விளையாட்டு எப்படி வரும்? கில்லியிலிருந்து பிகில் வரைக்கும் பாருங்கள். எதிரில் ஒரு கெட்டவன், பின்னால் ஒரு குடும்பக் கஷ்டம், கடைசி நிமிடம், கடைசி பந்து. எனக்கும் பிடிக்கும், விசில் அடித்திருக்கிறேன். 2018 டிசம்பரில் கனா வந்தபோது கண் கலங்கியவர்களில் நானும் ஒருத்தன். (அதே டிசம்பரில் ஜப்பானில் ட்சுருனே ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.) அந்தக் கதைகளில் தோற்றவனுக்கு ஒரே மருந்துதான்: இன்னும் வேகமா, இன்னும் வெறியா. எழுந்து ஓடு. என் மாதிரி வியாதிக்காரனுக்கு அது விஷம். என் பிரச்சினையே நான் எழுந்து ஓடுவதுதானே.

ட்சுருனேயில் யாரும் மினாடோவைப் பார்த்து "உன்னால் முடியும்!" என்று கத்துவதில்லை. மசாகி அவனைக் கூட வைத்துக்கொள்கிறார். கைட்டோ என்று ஒரு பையன் கோபப்படுகிறான், அதுவும் நியாயமான கோபம்தான், ஐந்து பேர் அணியில் ஒருத்தன் நழுவினால் எல்லாருக்கும் நஷ்டம். மற்றபடி ஒரு எபிசோடு முழுக்க தரையைத் துடைப்பார்கள், சாப்பிடுவார்கள், நடந்து போவார்கள். நடுவில் ஒரு அம்பு. அது படும், அல்லது படாது. இசை எல்லாம் நின்றுவிடும். நாண் இறுகுகிற சத்தம் மட்டும். இவன் இந்தத் தடவை நிறுத்திப் பிடிப்பானா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி ஓவரில் கூட அப்படி உட்கார்ந்ததில்லை. சாந்தமான தொடர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது பயங்கர சஸ்பென்ஸ் படம்.

ஒலிம்பிக் வில்வித்தையோடு ஒப்பிட்டால் இன்னும் புரியும். அங்கே 70 மீட்டர். தனிநபர் சுற்றுகளில் ஓர் அம்புக்கு 20 விநாடி, கடிகாரம் ஓடும். டோக்கியோவில் வீரர்களின் இதயத் துடிப்பைக்கூடத் திரையில் காட்டினார்கள். ஆனால் அவர்கள் வில்லில் ஒரு சின்ன வசதி உண்டு, கிளிக்கர் என்று ஒரு மெல்லிய தகடு. அம்பை முழுசாக இழுத்ததும் 'டிக்' என்று சத்தம் போடும். இப்போது விடலாம் என்று அர்த்தம். கியூடோ வில்லில் அது கிடையாது. குறி பார்க்கும் கருவியும் கிடையாது. எப்போது விடுவது என்று சொல்ல ஆளே இல்லை. விடைத்தாளிலும் 'டிக்' சத்தம் வராது, நாம்தான் டிக் போட வேண்டும். (மன்னிக்கவும், தவிர்க்க முடியவில்லை.)

வில் என்றால் நம் பக்கத்து ஞாபகமே வேறு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? பஸ்ஸை விட்ட ஒரு மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்கப் போய் நடுகற்களைப் பார்த்தேன். நம் மாவட்டம் முழுக்க இவை இருக்கின்றன, வயல் வரப்பில், ஏரிக்கரையில், சில இடங்களில் சாமியாகவே கும்பிடுகிறார்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன். கையில் வில் இருக்கும். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். நம்ம ஊரில் வில்லைத் தூக்கினால் யாராவது ஒருத்தர் விழ வேண்டும். புராணத்துக்குப் போனாலும் அப்படித்தான். அர்ச்சுனனுக்குப் பறவையின் கண் மட்டும் தெரிந்தது என்று ஸ்கூலில் எத்தனை தடவை கேட்டிருப்போம். ஏகலைவன் கட்டை விரலைக் கொடுத்ததையும் கேட்டிருப்போம். இதில் ஒரு விஷயம் எனக்கு ட்சுருனே பார்த்துத்தான் உறைத்தது: ஒலிம்பிக் வீரர்கள் நாணை மற்ற மூன்று விரல்களால் இழுக்கிறார்கள், கட்டை விரலுக்கு அங்கே வேலையே இல்லை. கியூடோவில் கட்டை விரல்தான் எல்லாம். அதற்கென்று மான் தோலில் தனி உறை போடுகிறார்கள். ஏகலைவன் இழந்தது எவ்வளவு பெரியது என்று ஒரு ஜப்பான் பொம்மைப் படம் சொல்லிக் கொடுத்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் பருவத்தில் மசாகிக்கும் அவர் தாத்தாவுக்குமான பகை கொஞ்சம் இழுவை. அணியில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள், அவர்களும் அம்பு விடுகிறார்கள், ஆனால் கதை அவர்கள் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. இது எனக்கு நிஜமாகவே கோபம். எதிரணி இரட்டையர்கள் அளவுக்கு மீறி அலட்டுகிறார்கள்.

இன்னொன்று, குறை இல்லை, சும்மா மனதில் நிற்பது. முதல் பருவம் முடிந்து ஆறு மாதத்தில், 2019 ஜூலை 18 அன்று, ஒருவன் கியோட்டோ அனிமேஷனின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். படம் வரைகிறவர்கள். அதற்குப் பிறகு அதே நிறுவனம் உட்கார்ந்து திரைப்படத்தையும் இரண்டாம் பருவத்தையும் வரைந்தது. இது தெரிந்த பிறகு அந்த நாண் இறுகும் காட்சிகளை முன்பு போலப் பார்க்க முடியவில்லை.

அப்பாவோடு பார்த்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

அப்பா ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். ஏ ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே மொபெட்டில் ஹைவே வரைக்கும் போய் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் போனை டம்ளரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னடா இது, பேசவே மாட்டேங்கறானுங்க?"

"அம்பு விடப்போறான்ப்பா."

மினாடோவின் விரல் நழுவியது.

"அட. அவசரப்பட்டுட்டான்."

"வேணும்னு இல்லப்பா. அது ஒரு வியாதி மாதிரி. கை தானா விட்டுடும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பிரஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தார். கம்பெனியைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார், அதனால் போனை நிறுத்திவிட்டேன். "பழைய மெஷின்ல கால் பெடல். மிதிச்சா இறங்கும். கை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அப்புறம் வந்ததுல ரெண்டு பக்கமும் பட்டன். ரெண்டையும் அழுத்திப் புடிச்சாத்தான் கீழ வரும். ஒரு கைய எடுத்தா நின்னுடும். மொதல்ல எரிச்சலா இருந்துச்சு, பீஸ் கொறையுதேன்னு. சில பேரு ஒரு பட்டன கம்பி வெச்சுக் கட்டிடுவாங்க, ஒரு கையாலயே ஓட்டலாம்னு."

"நீங்க?"

"நானும் கட்டியிருக்கேன்."

அவர் கூட வேலை செய்த ஒருவருக்கு இரண்டு விரல் போனதாம். அதற்குப் பிறகு கட்டவில்லை என்றார். அந்தப் பழைய மெஷின் இருந்தது வேறு கம்பெனி, நான் ஒன்றாவதோ இரண்டாவதோ படித்த காலம். எனக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு டம்ளரைப் பார்த்தபடி கேட்டார். "பரீட்சைல நீ கேள்விய முழுசா படிச்சியா?"

"இல்லப்பா."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

"ம்" என்றார். நான் மாங்காய்ப் பணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போடு அதை, அந்தப் பையன் என்ன ஆனான்னு பாப்போம்" என்றார். போட்டேன். பத்து நிமிடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

மூணாவது தடவைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேள்வியைக் கடைசி வார்த்தை வரைக்கும் விரலால் தொட்டுப் படிக்கிறேன், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. படித்து முடிக்கும் வரை பேனா மேஜையில் கிடக்கும். விடை தெரிந்தாலும் எடுப்பதில்லை. கை அரிக்கும், அப்படி அரிக்கும். பக்கத்தில் உட்காருபவன் "என்னடா, கண்ணு தெரியலையா" என்று கேட்டுவிட்டான்.

சனிக்கிழமை மாதிரித் தேர்வு. 74 கேள்விதான் போட முடிந்தது. 52 சரி, 22 தப்பு, தப்புக்கு 5.5 போக 46.5. மணி அடித்தபோது இன்னும் 26 கேள்வி பாக்கி. தாளை வாங்க வந்த சாரிடம் "சார், ஒரே ஒரு நிமிஷம்" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் எந்தத் தேர்விலும் சொன்னதில்லை. அவர் கொடுக்கவும் இல்லை, பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.